கயிற்றில் ஆடும் பெயின்ட்: ஊசல் ஓவியம் தொடங்குபவர்களுக்கு

தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாகக் கயிற்றில் கட்டி, மூடியில் ஓட்டை போட்டு, பெயின்ட்டை ஊற்றி ஆட்டிவிட்டால் படம் தானே வந்துவிடும் என்று நம்பித்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் நாள் கிடைத்தது நடுவில் ஒரு குளமும் அதைச் சுற்றி நாலைந்து கோடுகளும். ஊசல் மேல் குற்றமில்லை. அது ஒழுங்காகத்தான் ஆடியது. எப்போது பிடித்து நிறுத்துவது என்று எனக்குத்தான் தெரியவில்லை. அரை லிட்டர் பெயின்ட்டும் தீரும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஓவியத்தில் கைக்கு வேலை இரண்டே நொடிகள்: விடும்போது ஒன்று, பிடிக்கும்போது ஒன்று. இடையில் வரைவதெல்லாம் புவியீர்ப்பு. அதனால் வரையத் தெரியாதவர்கள் தயங்கவே வேண்டாம். கட்டுவதற்கும் கலக்குவதற்கும் வடிகட்டுவதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் இது சரிப்பட்டு வராது.

பழைய வித்தைதான். போருக்குத் தப்பி 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், அடுத்த ஆண்டே தகர டப்பாவில் ஓட்டை போட்டு, கயிற்றில் தொங்கவிட்டு, கீழே கிடத்திய கேன்வாஸின் மேல் ஆட்டிப் பார்த்தார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் இப்படித்தான் வரைந்தார் என்று சிலர் சொல்வார்கள். அவர் கையில் இருந்தது குச்சியும் தடித்துப்போன தூரிகையும். கேன்வாஸைச் சுற்றி நடந்தபடி கையை வீசி ஊற்றினார்.

எங்கே கட்டுவது

வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆளையே தாங்கும் கொக்கி, அரைக் கிலோ பெயின்ட்டுக்கு அசையாது. அசையாமல் இருப்பதுதான் இங்கே முக்கியம். கட்டிய இடம் கொஞ்சம் ஆடினாலும் ஊசலின் வேகத்தை அது தின்றுவிடும். பத்துச் சுற்றில் ஆட்டம் ஓய்ந்துவிடும். கொக்கி இல்லையென்றால் இரண்டு கனமான அலமாரிகளுக்கு இடையே உறுதியான மூங்கில் கழியைப் போட்டு, இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். மின்விசிறியில் மட்டும் கட்டாதீர்கள். அதன் தண்டும் ஆடும், இறக்கையும் திரும்பும். கதவு நிலையின் மேல்சட்டத்திலும் ஒருமுறை கட்டிப் பார்த்தேன். நேராக ஆடும்வரை ஒழுங்காக இருந்தது. நீள்வட்டத்துக்குத் தள்ளிவிட்டதும் பாட்டில் நிலைக்காலில் மோதியது. அந்த நீலத் தடம் இன்னும் அங்கே இருக்கிறது.

மொட்டை மாடி எல்லோருக்கும் முதலில் தோன்றும் இடம். சிந்தினால் கழுவிவிடலாம், வெளிச்சமும் உண்டு. ஆனால் அங்கே இரண்டு சிக்கல்கள். ஒன்று காற்று. மற்றது கண்ணுக்குத் தெரியாதது: மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். பார்த்தால் சமமாகத்தான் இருக்கும். என் மூன்றாவது படம் அதுவரை வந்தவற்றிலேயே நன்றாக வந்தது; கறுப்பில் வெள்ளைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூவிதழ்போல. காயட்டும் என்று மாடியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் கோடுகள் எல்லாம் தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலையைப் பார்த்துச் சாய்ந்து, தாடிபோல வழிந்து உறைந்திருந்தன.

அன்றிலிருந்து ரசமட்டம் இல்லாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. கொத்தனாரிடம் இருக்கும் அதே ரசமட்டம்தான். கைப்பேசிச் செயலியும் போதும். இரண்டும் இல்லையென்றால் கீழே போடும் பலகையின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக்கு அடியில் செய்தித்தாளை மடித்து முட்டுக் கொடுங்கள். கேன்வாஸைப் பலகையின்மேல் கிடத்தும்போது அதன் பின்புறக் குழியில் அட்டைகளை அடுக்கிவிடுங்கள். இல்லையென்றால் துணி நடுவில் தொய்ந்து, பெயின்ட் அங்கே போய்த் தேங்கும்.

எவ்வளவு நீளம்

பள்ளியில் தனி ஊசல் சோதனை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஆட்டத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம், எடை அல்ல. 25 செ.மீ. ஊசல் ஒருமுறை போய்வர 1 விநாடி. 1 மீட்டர் ஊசலுக்கு 2 விநாடி. நான் பரிந்துரைப்பது 144 செ.மீ.; அது 10 முறை போய்வர 24 விநாடி ஆகும். ஏன் இந்த விசித்திரமான எண் என்பது பின்னால் தெரியும். நீளத்தைக் கட்டிய இடத்திலிருந்து பாட்டிலுக்குள் இருக்கும் பெயின்ட்டின் நடுப்பகுதிவரை அளக்க வேண்டும். கொக்கி உயரமாக இருந்தால் கேன்வாஸை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு நீளமாக இருந்தால் ஆட்டம் நிதானமாகும், விடுவதற்கும் பிடிப்பதற்கும் நேரம் கிடைக்கும். ஒரு மீட்டருக்குக் குறைவான ஊசலோடு தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும்.

கயிறு முறுக்குக் கயிறாக இருக்கக் கூடாது. எடை ஏறியதும் முறுக்கு அவிழ்ந்து பாட்டில் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். பின்னல் கயிறு நல்லது. மீன்பிடிக் கடைகளில் கிடைக்கும் தூண்டில் நரம்பு அதைவிட நல்லது. கொக்கியில் சும்மா மாட்டினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கயிறு அங்கே உராயும். கொக்கியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுங்கள்.

பாட்டிலும் மூடியும்

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அடியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்புக்கு ஒரு விரல் உள்ளே சம இடைவெளியில் மூன்று துளைகள் போட்டு, மூன்று சம நீளக் கயிறுகளைக் கட்டி மேலே ஒரு சாவி வளையத்தில் சேர்த்துவிடுங்கள். நாலு துளை போட்டால் எப்படியும் ஒரு கயிறு தொய்யும். மூன்று போதும்.

பாட்டிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே மூடிதான். ஐந்தாறு மூடிகள் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு ஓட்டை போட்டு வைத்துக்கொண்டால், கோடு மெலிதாக வேண்டுமா தடிமனாக வேண்டுமா என்பதற்கு மூடியை மாற்றினால் போதும். தொடங்குவதற்கு 3 மி.மீ. ஓட்டை. கோணி ஊசியை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, மூடியின் நடுவில் நேராக இறக்கிச் சற்றே சுழற்றினால் துளை விழும். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் ஓரத்தில் வளையம்போலத் திரண்டு நிற்கும். அதைப் பிளேடால் மழித்துவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைத் தவிர்த்தால் பெயின்ட் நேராக விழாமல் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். கோடு நடுங்குவதற்கு என்ன காரணம் என்று கயிற்றையும் கொக்கியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மூடியின் வாய்க்கும் கேன்வாஸுக்கும் நடுவில், பாட்டில் அசையாமல் தொங்கும்போது 6 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். ஓரத்துக்குப் போகும்போது பாட்டில் தானாகவே மேலே ஏறும், 144 செ.மீ. ஊசல் நடுவிலிருந்து 40 செ.மீ. விலகினால் ஏறக்குறைய 6 செ.மீ. உயர்ந்துவிடும். அங்கே இடைவெளி இரட்டிப்பாகும் என்பதால் நடுவில் அதிக உயரம் வைக்காதீர்கள். உயரம் கூடினால் தாரை உடைந்து துளித்துளியாகத் தெறிக்கும்.

பெயின்ட்

குழாயில் வரும் அக்ரிலிக் அப்படியே இறங்காது. 2 பங்கு அக்ரிலிக், 1 பங்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, 1 பங்கு தண்ணீர் என்று தொடங்குங்கள். தண்ணீரைக் கடைசியில், ஒவ்வொரு கரண்டியாக. பசை எதற்கு என்றால், தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்கவைத்த அக்ரிலிக்கில் நிறத்துகளைப் பிடித்துவைக்கும் பிசின் குறைந்துவிடும். காய்ந்தபின் விரலால் தேய்த்தாலே பொடியாக வரலாம். சிக்கனமாகப் பழக விரும்புபவர்களுக்குச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் போதும். அதற்குக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தாலே பதம் வந்துவிடும்.

பதத்தை எழுத்தில் சொல்வது கடினம். பாகுபோல என்று சொன்னால் ஆளுக்கொரு பாகு நினைவுக்கு வரும். நான் பார்ப்பது இது: குச்சியைக் கலவையில் தோய்த்து ஒரு சாண் உயரத்திலிருந்து ஒழுகவிடுங்கள். ஒழுகும் இழை அறுபடாமல் இறங்க வேண்டும். அது விழுந்த இடத்தில் மேடாகத் தெரிந்து, ஒரு விநாடி நின்று, பிறகு அமிழ வேண்டும். விழுந்ததுமே மறைந்தால் நீர்த்துவிட்டது. கேன்வாஸில் கோடு பரவி அகலமாகும். மூன்று விநாடி ஆகியும் மேடு அமிழாவிட்டால் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர்.

கலக்கியதும் கட்டாயம் வடிகட்டுங்கள். குழாயின் வாயில் காய்ந்த ஒரு துணுக்கு போதும், 3 மி.மீ. ஓட்டையை நடு ஆட்டத்தில் அடைப்பதற்கு. பழைய டீ வடிகட்டி நன்றாகவே வேலை செய்யும். அது மறுபடி அடுக்களைக்குப் போகக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

முதலில் கோலப்பொடி

பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். கீழே கறுப்புச் சார்ட் அட்டை. பாட்டிலில் சலித்த கோலப்பொடி, அல்லது நன்றாகக் காய்ந்த மெல்லிய மணல், அல்லது தூள் உப்பு. அரிசி மாவு வேண்டாம், திரண்டு அடைத்துக்கொள்ளும். ஓட்டை சற்றுப் பெரிதாக, 5 மி.மீ. வரை. ஆட்டிவிட்டால் பொடி அழகாகக் கோடு போடும். பிடிக்கவில்லையா, அட்டையைத் தட்டி மறுபடி பாட்டிலில் கொட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் முப்பது படம் போட்டுவிடலாம், பைசா செலவில்லாமல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணலும் பொடியும் பாட்டிலில் நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விழும். மணற்கடிகாரம் வேலை செய்வதே இதனால்தான். பெயின்ட் அப்படியல்ல. மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து, தாரை மெலியும். பொடியில் பழகிவிட்டுப் பெயின்ட்டுக்கு வந்தால், போகப்போகக் கோடு ஏன் இளைக்கிறது என்று குழம்ப வேண்டாம். அதைக் குறையாக நினைக்காதவர்களுக்கு அதுவே நல்ல உத்தி: வெளியே தடித்த கோடுகள், உள்ளே போகப்போக நூலிழைகள்.

விடுவது

மின்விசிறியை நிறுத்துங்கள். கேன்வாஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்குச் செய்தித்தாள் பரப்புங்கள். முழுக்கை உடைகளைத் தவிர்த்துவிடுங்கள். சட்டை முனை ஈரக் கோட்டில் பட்டால் அந்தப் படம் போயிற்று.

ஒரு கையால் பாட்டிலைப் பிடித்து, அதே கையின் ஒரு விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, பெயின்ட்டை முக்கால் பாகம் ஊற்றுங்கள். பாட்டிலைக் கேன்வாஸுக்கு வெளியே, செய்தித்தாளின் மேல்வரை இழுத்துக்கொண்டு போங்கள். கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். இப்போது விரலை எடுங்கள். முதல் சொட்டு தாளில் விழட்டும். அதை ஒருபோதும் கேன்வாஸில் விழவிடாதீர்கள், அது எப்போதும் ஒரு குமிழாகத்தான் விழும். உடனே பாட்டிலை விடுங்கள்.

சும்மா விட்டால் நேர்கோட்டில் போய்வரும். பார்க்கவும் சலிப்பு, படமும் மோசம். இரு முனையிலும் ஊசல் ஒரு கணம் நின்று திரும்புவதால் பெயின்ட் அங்கே குவிந்து கட்டிகட்டியாகத் தெரியும். நடுவில் வேகம் அதிகம், கோடு மெலியும். கோலம் போடும் கைக்கு இது தெரியும்: விரல் தயங்குகிற இடத்தில் மாவு தடித்துவிடும்.

ஆகவே விடும்போதே பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளு வேண்டும். எறிவது கூடாது. கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற அளவு. ஊசல் இப்போது நீள்வட்டமாகப் போகும், எங்கேயும் நிற்காது, கோடும் ஓரளவு சீராக இருக்கும். 60 செ.மீ. சதுரக் கேன்வாஸுக்கு, நீள்வட்டத்தின் இரு கோடிகளும் விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி விடுவதுதான் எனக்குப் பிடித்தது. தடிக்கும் வளைவுகள் தாளில் விழுந்துவிடும். கொஞ்சம் பெயின்ட் வீண்தான். படத்துக்குள்ளேயே முழு வடிவமும் அடங்கினால் ஏதோ கணிதப் புத்தகத்துப் படம்போல இருக்கிறது. வெளியே ஓடித் திரும்பும் கோடுகளில்தான் உயிர் இருக்கிறது.

இரண்டாவது சுற்றிலேயே கவனித்துப் பாருங்கள்: ஊசல் அதே தடத்தில் வராது. நீள்வட்டம் முழுவதுமே, ஊசல் சுற்றுகிற திசையிலேயே, கொஞ்சம் திரும்பியிருக்கும். நடுவிலிருந்து நீளவாக்கில் 40 செ.மீ., அகலவாக்கில் 20 செ.மீ. போகும் நீள்வட்டம், 144 செ.மீ. கயிற்றில், சுற்றுக்குச் சுமார் 5 பாகை திரும்பும். ஒல்லியான நீள்வட்டம் குறைவாகத் திரும்பும், குண்டானது அதிகமாகத் திரும்பும். காற்றின் தடையால் வட்டம் சுருங்கிக்கொண்டும் வருவதால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குச் சற்று உள்ளே, சற்று விலகி விழுகிறது. பார்ப்பவர்கள் பூ என்று சொல்லும் வடிவம் இதிலிருந்துதான் வருகிறது. இதழ்கள் நெருக்கமாக வேண்டுமா, அகன்று வேண்டுமா என்பதை உங்கள் அந்தப் பக்கவாட்டுத் தள்ளுதான் முடிவு செய்கிறது.

பிடிப்பது

சரியாக விட்டவர்களும் கோட்டைவிடும் இடம் இது. ஆட்டம் ஓய ஓய வட்டம் நடுவை நோக்கிச் சுருங்கும். காலியாகும்வரை விட்டால் கடைசி நிமிடத்துப் பெயின்ட் முழுவதும் ஒரு உள்ளங்கை அகலத்தில் கொட்டும். என் முதல் படத்தின் குளம் அப்படி வந்ததுதான்.

நான் வைத்திருக்கும் கணக்கு 15 சுற்று. சத்தமாக எண்ணுங்கள். 15 ஆனதும், கேன்வாஸின் விளிம்புக்கு மேல் பாட்டில் வரும்போது இரு கையாலும் பிடித்து, விரலால் ஓட்டையை அடைத்து, பக்கத்தில் தயாராக இருக்கும் குவளைமேல் வைத்துவிடுங்கள். விளிம்புவரை அது வராத அளவுக்குச் சுருங்கியிருந்தால் தாமதித்துவிட்டீர்கள். படம் இன்னும் நிறையவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும். முதல் பத்துப் படங்களுக்கு மனதின் பேச்சைக் கேட்காதீர்கள். காலியான இடத்தை அடுத்த நிறத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; தேங்கிய குளத்தை எதுவும் செய்ய முடியாது.

இரட்டைக் கயிறு

ஒற்றைக் கயிற்றில் கை பழகியபின் இதற்கு வாருங்கள். கழியில் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு கயிறுகளைக் கட்டி, கீழே இரண்டையும் பாட்டிலின் வளையத்தில் முடியுங்கள். பிறகு இரு கயிறுகளையும் நடுவழியில் ஒரு துணிக் கிளிப்பால் சேர்த்துப் பிடித்துவிடுங்கள். ஆங்கில ஒய் எழுத்துபோல ஆகிவிடும். கழிக்குக் குறுக்கே ஆடும்போது முழு நீளமும் ஆடும். கழியின் போக்கில் ஆடும்போது கிளிப்புக்குக் கீழே இருப்பது மட்டும் ஆடும். ஒரே பாட்டிலுக்கு இரண்டு நீளம், இரண்டு வேகம். பின்னாளில் கணிதப் பேராசிரியரான ஹியூ பிளாக்பர்ன் 1844-இல் விவரித்த ஊசல் இதுதான். இது போடும் வளைவுகளையே 1857-இல் இசைக்கவைகளில் கண்ணாடி ஒட்டி, ஒளிப்புள்ளியால் சுவரில் வரைந்து காட்டினார் பிரான்சின் இயற்பியலாளர் லிஸாஜு. வளைவுகளுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

144 செ.மீ. எதற்கு என்பது இங்கே புரியும். வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 144 என்பது 12-இன் வர்க்கம். கிளிப்பிலிருந்து பெயின்ட்டின் நடுவரை, பாட்டிலின் மூன்று கயிறுகளையும் சேர்த்து, 36 செ.மீ. இருந்தால் இரு திசை வேகங்களும் 2-க்கு 1. எட்டு வடிவம் வரும். 64 வைத்தால் 3-க்கு 2. 81 வைத்தால் 4-க்கு 3. அடர்ந்த பின்னல், சிக்குக் கோலத்தைப் பார்ப்பதுபோல. கிளிப்பை ஏற்றி இறக்கினால் படம் மாறிவிடும். கையால் மூலைவாட்டில் இழுத்து, மெல்லத் தள்ளிவிட வேண்டும். கழியின் போக்கில் அதிகம் இழுக்காதீர்கள், அந்தப் பக்கத்துக் கயிறு குட்டை.

ஒரு ரகசியம்: அளவு மிகச் சரியாக இருந்தால் ஊசல் அதே தடத்தில் திரும்பத் திரும்பப் போய் ஒரே கோட்டைத் தடிக்கவைக்கும். கிளிப்பை வேண்டுமென்றே ஒரு செ.மீ. தள்ளிப் போடுங்கள். வடிவம் சுற்றுக்குச் சுற்று மெல்ல நழுவி, வலைபோல விரியும்.

நிறமும் காய்வதும்

முதல் படத்துக்கு முந்தைய நாளே கறுப்பு அடித்துக் காயவைத்த தளம், அதில் வெள்ளை. வேறு எதுவும் வேண்டாம். கோட்டின் தவறுகள் எல்லாம் அதில்தான் பளிச்சென்று தெரியும். இரண்டாம் நிறம் சேர்ப்பதானால் முதல் நிறம் காய்ந்தபின் சேர்த்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஈரத்திலேயே சேர்த்தால் சந்திக்கும் இடங்களில் ஒன்றோடொன்று இழையும். நிறத்துக்கு நிறம் கேன்வாஸை நான்கு விரல் நகர்த்தி வையுங்கள், இல்லையென்றால் இரண்டு பூக்களும் ஒரே நடுவில் விழும். மூன்று நிறத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சேறுதான்.

படத்தை எடுக்காதீர்கள், சாய்க்காதீர்கள். அசையாமல் கிடந்த இடத்திலேயே ஒரு முழு நாள். தடித்த கோடுகளுக்கு இரண்டு நாள். மழைக்காலத்தில் அதற்கும் மேலே. அவசரப்பட்டு வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் மேல்தோல் மட்டும் முதலில் காய்ந்து வெடிக்கும். பூனை இருக்கும் வீடு என்றால் அறையைப் பூட்டுங்கள்.

மிச்சப் பெயின்ட்டைக் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டாம், அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், குழாயை அடைத்துவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் ஊற்றிவைத்தால் அடுத்த முறை மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு, வடிகட்டிப் பயன்படுத்தலாம். பாட்டிலைக்கூட நாளை கழுவிக்கொள்ளலாம். மூடியை மட்டும் அப்போதே கழற்றி, தண்ணீரில் போட்டு, அதே கோணி ஊசியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்துவையுங்கள்.